டொக்டர் இல்லாத வாட்டு

தம்பிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை.

திறப்பு விழாப் படம் கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். லண்டனில் ஆட்களிடம் காசு சேர்த்து நீ கட்டுவித்த பிரசவ வாட்டில் குறையொன்றும் இல்லை. புதுக் கட்டில், குழாய்த் தண்ணீர், ஜெனரேற்றர் எல்லாம் இருக்கின்றன. நீ லண்டனுக்குப் போனபோது விட்டுப்போன டொக்டர் கதிரையில்தான் இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை. ஆற்றைக் கடந்து, சண்டை நடக்கும் இந்தப் படுவான்கரைக்கு யார் வருவார்?

போன கிழமை உன்னிச்சைப் பக்கமிருந்து நல்லரத்தினம் என்பவன் மனைவியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தான். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவமாது நான் என்ன செய்ய? வயிற்றைக் கீற டொக்டர் வேண்டும்.

"ஆத்தைக் கடந்து டவுணுக்குத்தான் போகவேணும்" என்றேன்.

"இவ்வளவு பெரிய ஆசுபத்திரியக் கட்டி வெச்சிட்டு, ஆத்தக் கடக்கச் சொல்லுறீங்களே!" என்று கத்தினான்.

வள்ளத்தில் நானும் போனேன். அம்மாவோடு நான் காத்துக்கிடந்த அதே ஆமிச் சென்றிக் காவலரணில் மணிக்கணக்காய் மறித்து வைத்தார்கள். அம்மாவின் அந்தக் கடைசி நாளைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. இப்போதும் எழுத மாட்டேன்.

தாய் தப்பிவிட்டாள். பிள்ளை தப்பவில்லை.

வண்டியை எடுக்கத் திரும்பி வந்த நல்லரத்தினம், வாட்டு வாசலில் நீ மாட்டுவித்த பெயர்ப்பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ஆர்ட பேரு, மிஸி?" என்று கேட்டான்.

நம் அம்மாவின் பெயர். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா