கசாயத்துக்குப் பத்தியம்

மில்லிக்கன்,
11.02.2024

அன்புத் தங்கை நிரூபாவுக்கு,

வேலை முடிந்து நீ படுக்கிற நேரம் போன் அடித்து எழுப்ப மனமில்லை. அதனால் கடதாசியில் மடித்த மருந்துச் சரைகளோடு இதையும் அத்தானிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு சரையை மூன்று கோப்பைத் தண்ணீரில் போட்டு ஒரு கோப்பையாக வற்றும்வரை அவி. மணம் பிடிக்காவிட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குடி, நீ அதில் கெட்டிக்காரி. இந்த மருந்து தந்த சீன டொக்டர் சொன்னதை மறக்காதே. "இது குடிக்கேக்கை ஆஸ்பத்திரிக் குளிசை, மாத்திரை ஒண்டும் தொடப்படாது." நண்டு, இறால், கத்தரிக்காயும் வேண்டாம். இரண்டு வருடமாக இரத்தம் போகிற குடல், மூன்று மாதம் பொறுக்காதா?

உன் அக்கா,
யோகராணி

டோர்செட் பார்க்,
20.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குளிசைப் போத்தலை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். கசாயம் குடிக்கிறேன். நேற்றுப் பன்னிரண்டு தடவை இரத்தமாகப் போனது. சீன டொக்டரிடம் ஒருக்கால் கேளுங்கள். அவருடைய இங்கிலிஸ் எனக்கு விளங்காது. நீங்கள் சொன்னால் சரி.

நிரூபா

மில்லிக்கன்,
24.03.2024

அன்புத் தங்கைக்கு,

இதற்கெல்லாம் அவரைக் கேட்கத் தேவையில்லை. கெட்டது கழிகிறது. பத்தியத்தை விடாதே.

அக்கா

டோர்செட் பார்க்,
30.05.2024

அக்காவுக்கு,

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். பெருங்குடலை எடுத்தாயிற்று. மலம் போக வயிற்றில் பை கட்டியிருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சரைகளோடு வந்த இங்கிலிஸ் துண்டுக் கடதாசி என் கைப்பைக்குள் கிடந்தது. நீங்கள் விளங்கப்படுத்தியதால் நான் அதைப் பிரிக்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் செலீன் என்ற தமிழ் நேர்ஸ் வாசித்தாள். "ஆஸ்பத்திரிக் குளிசையை நிப்பாட்டப்படாது எண்டெல்லோ எழுதிக் கிடக்கு அன்ரி. ஆர் நிப்பாட்டச் சொன்னது?" துண்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

நிரூபா

மில்லிக்கன்,
03.06.2024

என் தங்கைக்கு,

சீன டொக்டர் குளிசையைத் தொடரத்தான் சொன்னார். நான்தான் மாற்றிச் சொன்னேன். எங்கள் நாட்டு மருந்துக்கு இங்கிலிஸ் மருந்து சேராது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சீன மருந்துக்கும் அதே பத்தியம்தான், இந்த ஆளுக்கு அது தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன். உன்னை அழிக்க நினைப்பேனா? செய்தது பிழை. சோறு இறங்குதில்லை. 12ஆம் திகதி புதன்கிழமை சத்திரசிகிச்சை டொக்டரிடம் போகிறாயாம். நான் வந்து உனக்காகப் பேசுகிறேன்.

அக்கா

டோர்செட் பார்க்,
08.06.2024

அக்காவுக்கு,

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. சாப்பிடுங்கள்.

புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வருவாராம். அவர் போதும். நீங்கள் வர வேண்டாம்.

நிரூபா