பச்சை பாக்கெட்டின் தேதி

அன்புள்ள அம்மாவுக்கு,

தைப்பேயிலிருந்து பாவ்ச்சூ வணங்கி எழுதுவது. கடல் காக்கும் மாட்சு அன்னை அருளால் நலம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

வலைத்தளங்கள் கட்ட உதவும் எங்கள் நிறுவனத்தின் மென்பொருள் சட்டகத்தின் புதுப் பதிப்பு பதினைந்தாம் தேதி வருகிறது. பழைய தளங்கள் அன்றே மாறியாக வேண்டும்; இல்லாவிட்டால் நின்றுவிடும்.

"போட்டிக்காரங்க பழசையும் ஒரு வருஷம் கூடவே ஓட விடறாங்க. நாமளும் கத்துக்கலாமே" என்றேன்.

"அடுப்படியில படிச்ச பாடமா இது? அதான் கம்ப்யூட்டர் மேல பச்சை பாக்கெட் இருக்குல்ல, சமர்த்தா ஓடும்!" என்று மேலாளர் ஹோ சிரித்தார்.

இயந்திரம் அடம்பிடிக்காமல் ஓடும் என்ற நம்பிக்கையில் இங்கே எல்லோரும் காவலுக்கு வைக்கும் அந்தத் தின்பண்ட பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். போன மாதமே காலாவதியாகியிருந்தது. புதியது வாங்கி வைத்தேன்; மனம் அடங்கவில்லை.

நம் ஊர் மருத்துவமனைத் தளமும் எங்கள் சட்டகத்தில்தான் ஓடுகிறது. அதில் பதிவாகியிருக்கும் உங்கள் டயாலிசிஸ் நாட்களைப் பதினைந்தாம் தேதிக்குள் நேரில் போய்த் தாளில் எழுதி, மருத்துவமனை முத்திரை வாங்கிவிடுங்கள். சும்மாதான் சொல்கிறேன். முத்திரை விழுந்ததும் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும்.

மகள்,
பாவ்ச்சூ