கசாயமும் கடியும்

நேற்று மாலை சிவகடாட்சம் வீசியெறிந்த கசாயம், அவர்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த புருசெத் நகர்ப்புற வீட்டின் சமையலறைச் சுவரில் கறையாக நின்றது. "எனக்கு நஞ்சோ வைக்கிறாய்?" என்று கத்திக்கொண்டு, மனைவி பவளராணியின் தலைக்குக் குறிவைத்துத்தான் கோப்பையை எறிந்தார். அது அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சிதறியது.

இப்போது அவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் வெளியே போகக் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு அவருக்குக் கடிதம் எழுதினாள். அழுத்திய அழுத்தில் கடதாசி கிழிந்தது.

"இஞ்சேருங்கோ, கைப்புண்ணுக்கு டொக்டர் தந்த அன்ரிபயோட்டிக் குளிசைதான் உங்கடை வயித்தைக் கலக்குது. நான் நஞ்சு வைக்கேல்லை. என்னோடை வேலை செய்யிற கொரியாக்காரி சூன்ஜா வயித்தோட்டத்துக்குத் தந்த வேரையும் பட்டையையும் திரும்பவும் அவிச்சு, சுடுதண்ணிப் போத்தலுக்கை விட்டிருக்கிறன். குளிசையை நிப்பாட்டாதேங்கோ. கஞ்சி அடுப்பிலை. சுவரை நான் துடைக்கேல்லை. என்ரை வீட்டுத் திறப்பு மேசையிலை கிடக்கு."

கழுத்துக் கயிற்றில் தொங்கிய திறப்பைக் கழற்றி வைத்தபோது கழுத்து வலித்தது. போன கிழமை, இப்போது புண்ணாகியிருக்கும் அந்தக் கையால்தான் அவர் அவள் கழுத்தை நெரித்தார். மூச்சு முட்டியபோது, எலும்பு தட்டுப்படும்வரை அவள் அதைக் கடித்தாள்.

அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நாய் கடிச்சதெண்டு டொக்டருக்குச் சொன்னனீங்கள். கழுத்திலை உங்கடை விரல் அடையாளத்தோடை இண்டைக்கு அந்த நாய் பொலிசுக்குப் போகுது. அவங்கள் வரேக்கை கக்கூசுக்கை இருக்காதேங்கோ. கசாயத்தைக் குடியுங்கோ."