ஏழு வலம், இரண்டு இடம்

நவம்பர் 1, 2025, சனி. சித்தூர்

ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வட்டத்தின் மையம் எங்கே என்று தெரியவில்லை. காம்பஸ் முள்ளைக் குத்திய இடம்தான் மையம் என்று இருபது வருஷமாகக் கத்துகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குத்தவே பயம்.

சாயந்திரம் காலனி சிவன் கோயில். என் பெண் ஸ்ரீவல்லிக்கு இது நாலாம் மாசம். அவள் விருச்சிக ராசி, சனி ஐந்தில் இருக்கிறார், பிள்ளைப்பேறு நல்லபடியாக ஆகும்வரை சனிக்கிழமைதோறும் தாயார் நவக்கிரகம் சுற்ற வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கணக்கு டீச்சர் சனிக்குப் பயப்படலாமா என்று எலிசா சிரிக்கிறாள். எங்கள் பள்ளியில் சோஷியல் எடுப்பவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்கமாட்டாள். கணக்கு டீச்சர் பயப்பட மாட்டாள்; பெண்ணைப் பெற்றவள் பயப்படுவாள் என்றேன்.

கோயிலுக்குப் போனால் அங்கே யார்? பத்மினி அக்கா. என் கூடப் பிறந்தவள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவை என்று தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 2

பின்னால் யாராவது கேட்டால் நியாயம் யார் பக்கம் என்று தெரியட்டும். எழுதி வைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து லட்டு சாப்பிடுகிறார்கள். அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் நின்று, மைக் இல்லாத குறையாக: "ஈசானிய மூலைல கக்கூஸ் கட்டிக்கினு கீறியேடி! வாஸ்து புருஷன் தல வெச்சிக்கினு கீற எடம்டி அது!"

லட்டு எல்லார் வாயிலும் அப்படியே நின்றுவிட்டது. சிவசங்கரன் - என் வீட்டுக்காரர், வாய் திறப்பதே அபூர்வம் - "டிரைனேஜ் அந்தப் பக்கம்தான் போகுது அண்ணி" என்றார். எடுபடவில்லை. நான் சொன்னேன்: "உன் வூட்ல எல்லாம் சரியான மூலைல கீது. நிம்மதி எந்த மூலைல கீது, காட்டு பாக்கலாம்."

சாப்பிடாமல் போய்விட்டாள். நல்ல பதில்தான். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆனால் ஸ்ரீவல்லி போனில் இன்று ஒரு குண்டு போட்டாள். ஏழாம் மாசம் சீமந்தத்துக்குப் பெரியம்மா வந்தால்தான் வளையல் போட்டுக்கொள்வாளாம். எனக்குக் குடுபல்லியில் வேலை இருந்த காலத்தில் அவளை எட்டு வயசுவரை வளர்த்தது அக்காதான். "நீயே போன் பண்ணிக் கூப்பிடேன்" என்றேன். "கூப்டுட்டேம்மா. உங்கம்மா வந்து குங்குமம் வெச்சுக் கூப்டட்டும்னுட்டாங்க."

நானா? அந்த வாசற்படி ஏறுவதா?

நவம்பர் 8, சனி

மோதல். அப்படியே, உடம்போடு உடம்பு.

நவக்கிரக மேடை சதுரம். சூரியன் நடுவில், மற்ற எட்டும் சுற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கிறார்கள். மேடைக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் போகலாம். வடக்குப் பக்கம் கமிட்டி தண்ணீர்த் தொட்டி வைத்ததிலிருந்து முக்கால் ஆள்.

என் முறை: ஏழு சுற்று வலம், ராகு கேதுவுக்காகக் கடைசி இரண்டு இடம். அக்கா ஒன்பதும் வலம். ஆக என் கடைசி இரண்டு சுற்றிலும் எதிரெதிர். ஒரே வேகத்தில் எதிரெதிராகச் சுற்றுகிறவர்கள் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் முகம் பார்த்தே ஆக வேண்டும், கணக்கு அப்படி. ஒரே திசையில் போனால் ஆயுசுக்கும் முதுகுதான்.

நானும் குண்டு, அவளும் குண்டு. தொட்டியருகே தோளும் தோளும் உரசியது. இருவரும் "சிவ சிவா" என்றோம். பக்தியால் அல்ல.

நவம்பர் 10

எலிசாவிடம் சொன்னேன். "ஒம்போது சாமியும் மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்குது, அத்தச் சுத்தி நீங்க ரெண்டு பேரு. பொருத்தமான எடம்தான் பாத்துப் புடிச்சிருக்கீங்க" என்றாள்.

நவம்பர் 22, சனி

கோயில் கமிட்டிச் செயலாளர் ஹேமநாத், பஸ் டிப்போவில் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் போல இன்னும் நாலைந்து ஜோடி மோதியிருக்கிறது போல. தரையில் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டுவிட்டார். தெலுங்கில் ஒரு போர்டு: ஒரு வழிப் பாதை. கையில் விசில்.

எங்கள் ஏழு-இரண்டு கோஷ்டி கொதித்தது. "ராகு கேதுவுக்கு யார் பதில் சொல்றது?" என்றேன். "அம்மா, எதுர்ல வண்டி வந்தா மொதல்ல ஆக்சிடென்ட். அப்பறம்தான் ராகு கேது" என்றார் அவர்.

ஒன்பது வலக் கோஷ்டி அக்கா தலைமையில் அம்புக்குறிமேலேயே நடந்தது. கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து.

டிசம்பர் 3. திருப்பதி

பள்ளிப் பிள்ளைகளோடு கோளரங்கம். இருட்டில் பாதிப் பேர் தூங்கினார்கள், எலிசா உட்பட. நான் தூங்கவில்லை.

அங்கே விளக்கம் சொன்னவர், ராகுவும் கேதுவும் கிரகமே இல்லை என்றார். சந்திரன் போகும் பாதை சூரியன் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள். ஒன்றுக்கு நேர் எதிரில் மற்றது. எல்லாக் கிரகமும் பொதுவாகப் போகிற திசைக்கு இவை இரண்டும் எதிர்த் திசையில் நகர்கின்றன. நான் எழுந்து கை தட்டாத குறை! அதனால்தானே அவர்களுக்கு மட்டும் இடம்சுற்று! யார் முதலில் வைத்தார்களோ, வானத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஒன்று சொன்னார். இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், நேர் எதிர்ப் புள்ளியிலேயே சுற்றிக்கொண்டிருப்பதால் ஒருநாளும் ஒன்றை ஒன்று சேராது. எத்தனை யுகமானாலும்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. அழுகை மாதிரி ஏதோ வந்தது. கோபமாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 6, சனி

கோளரங்கத்து விஷயத்தைக் கோயிலில் எடுத்து வைத்தேன், கரும்பலகை இல்லாத குறைதான். ஹேமநாத் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்தார்: அவர் விசில் ஊதினால் வலக்காரர்கள் ஓரம் நிற்பார்கள், இடக்காரர்கள் சுற்றுவார்கள்.

அக்கா யாரையும் பார்க்காமல், "சனி இன்னும் கும்பத்துலயே கீறாரு. எங்க பஞ்சாங்கம் அப்டிதான் சொல்லுது. தெலுங்குப் பஞ்சாங்கத்த நம்பி மீனத்துக்கு வந்துட்டாருன்னு ஆட்டம் போடறவங்களுக்கு எங்க தெரியும்" என்றாள். அவள் பஞ்சாங்கப்படி ஸ்ரீவல்லிக்கு சனி நாலில், என் பஞ்சாங்கப்படி ஐந்தில். அது நல்லதில்லை, இதுவும் நல்லதில்லை. சண்டை எதற்கு?

எழுதும்போதுதான் தோன்றுகிறது - அவள் எதற்காகச் சுற்றுகிறாள்? மூட்டு வலிக்காக இருக்கும்.

டிசம்பர் 20, சனி

ஹேமநாத்துக்கு ஜலதோஷம், வரவில்லை. விசில் இல்லை.

தொட்டிப் பக்கம் நேருக்கு நேர் நின்றுவிட்டோம். அவள் பின்னால் ஒரு வரிசை, என் பின்னால் ஒரு வரிசை. யார் பின்வாங்குவது? யாரும் வாங்கவில்லை. அக்கா சனீஸ்வரன் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"சனீஸ்வரா, சில பேருக்கு நல்ல புத்தியக் குடுப்பா."

நானும் திரும்பினேன். "சனீஸ்வரா, மொதல்ல பெரியவங்களுக்குக் குடு. மீந்தா எனக்குக் குடு."

"படிச்ச திமிரு எறங்கணும் சனீஸ்வரா."

"நாலு பேர் எதுர்ல மானத்த வாங்கறவங்க வாயி அடங்கணும் சனீஸ்வரா!"

குருக்கள் ஓடிவந்தார். "அம்மா, சனி பகவானுக்கு நேரா நிக்கவே கூடாது. நீங்க என்னடான்னா பஞ்சாயத்து வெக்கறீங்க!" பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு வரிசையும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்துதான் கலைந்தது.

டிசம்பர் 21

தொண்டை கட்டிவிட்டது. நாளை வகுப்பில் சைகையால் தேற்றம் நடத்த வேண்டும் போல.

ஜனவரி 11, 2026

சீமந்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, திருப்பதியில் மாப்பிள்ளை வீட்டில். எல்லாருக்கும் குங்குமம் வைத்தாயிற்று, ஒரு வீட்டைத் தவிர. ஸ்ரீவல்லி கேட்டாள். "பாக்கலாம்" என்றேன். "நீ பாக்க மாட்டம்மா" என்று வைத்துவிட்டாள். உள்ளே போய் அழுதேன். இந்தத் தரம் கோபம் இல்லை, தெரியும்.

ஜனவரி 17, சனி

இன்னும் புடவைகூட மாற்றவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சுற்றி முடித்து அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். இத்தனை வாரம் சுற்றுவதோடு சரி. பொங்கல் முடிந்த வாரமாயிற்றே என்று இன்றுதான் அர்ச்சனை. பெயர், நட்சத்திரம் கேட்டார் குருக்கள். ஸ்ரீவல்லி, அனுஷம் என்றேன்.

"இப்பதானே பண்ணேன்?"

"எங்க? நான் இப்பதான் தரேன்."

"அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி, ஸ்ரீவல்லி, சுகப்பிரசவம். வாராவாரம் பண்றேனே. புரட்டாசிலேருந்து. உங்க வீட்ல சொல்லித்தான் அந்த அம்மா தராங்கன்னு நெனச்சேன்." பச்சைப் புடவை போகும் வாசலைக் காட்டினார்.

புரட்டாசி! எனக்கு ஜோசியர் சொல்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே! எம்பொண்ணுக்கு! மூட்டு வலின்னு நெனச்சேனே, நான் ஒரு மனுஷியா? எங்கூடச் சண்ட போட்டுக்கினே, என்னய மொறச்சிக்கினே, எம்பொண்ணுக்காகச் சுத்தி இருக்கா! அந்த மூட்ட வெச்சிக்கினு!

தட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். நாலு தெரு. அக்கா அப்போதுதான் வீட்டுக்குள் போயிருந்தாள். வாசற்படியில் கால் வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு கத்தல்:

"ஏய்! சனி கோயில்லேருந்து நேரா என் வூட்டுக்கு வரியா? எறங்குடி! காலக் கழுவிக்கினு வா!"

மூன்று வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை. நவக்கிரகம் சுற்றினால் நேரே நம் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

குழாயடியில் காலைக் கழுவினேன். முகத்தையும் கழுவினேன், தண்ணீர் எது, கண்ணீர் எது என்று தெரியாமல் இருக்கட்டும் என்று. அவள் துண்டோடு நின்றாள்.

"குங்குமம் எங்க?" என்றாள்.

கொண்டுவரவில்லை. அவளே உள்ளே போய்த் தன் குங்குமச் சிமிழை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அதிலிருந்து எடுத்து அவளுக்கே வைத்தேன். "முப்பதாம் தேதிக்கா. வந்துடு."

"உன்னய யார்டி கேட்டா? நான் எப்பவோ வளையல் வாங்கி வெச்சாச்சி" என்றாள். "துன்னுட்டுப் போ. உப்புமா கீது."

ஜனவரி 30, வெள்ளி. திருப்பதி

முதல் வளையல் அக்கா போட்டாள். ஸ்ரீவல்லி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். வாங்கி வந்த வளையல் ஒன்றும் லேசில் ஏறவில்லை, பெண்ணுக்குக் கை வீங்கியிருக்கிறது. அக்கா சோப்பு நுரை போட்டு ஏற்றினாள். அதற்கும் சம்பந்தி அம்மாளுக்கு ஒரு லெக்சர். நான் வாயே திறக்கவில்லை. சிவசங்கரன் என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜனவரி 31, சனி. சித்தூர்

அக்காவும் நானும் சேர்ந்தே போனோம். ஏழு-இரண்டா, ஒன்பதா என்று வழியெல்லாம் வாதம், முடிவாகவில்லை. முதலில் வலம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தோம். அவள் முன்னால், நான் பின்னால். மூட்டு வலி, மாப்பிள்ளை வீட்டுச் சாம்பார், எங்களைப் பெற்ற நைனா இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டே சுற்றினோம். இது எத்தனையாவது சுற்று என்று ஓரிடத்தில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கணக்கு டீச்சர்! அவளுக்கும் தெரியவில்லை.

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம்.