முழங்கால் ஆழத்து மீசைகள்

மார்ச் 3, திங்கள்

இன்று முப்பத்தொன்று. போன வாரம் இருபத்து நான்கு.

விரல் நீள மீன், நான்கு மீசை. இந்த ஊற்றுக்குளத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதை எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றால் உறவுக்காரர்கள் இன்னமும் நம்புவதில்லை. கம்பியால் செய்த சதுரச் சட்டத்தை முழங்கால் ஆழத்தில் வைக்க வேண்டும். இது அலுவலக விதி. பிறகு அசையாமல் குனிந்து நின்று, உள்ளே தெரியும் மீசைகளை எண்ண வேண்டும். இடுப்பு வலி உயிர் போகிறது.

மார்ச் 10

ஒரு குடும்பம் நாயைக் குளத்தில் இறக்கி ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தது. சண்டைக்குப் போனேன். நாய்களுக்கென்றே செய்த உயர்ந்த ஷாம்பு, ஒன்றும் ஆகாது என்றாள் அம்மாக்காரி. அதை மீனிடம் சொல்லுங்கள் என்றேன்.

நாற்பத்து நான்கு. நுரை நீங்கலாக.

மார்ச் 17

ஐம்பத்தெட்டு!

மார்ச் 19

மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரரையே வரவழைத்துவிட்டார். எல்லாம் நம் பாதுகாப்பு நடவடிக்கையால்தான் என்று பேட்டி கொடுத்தார். என்ன நடவடிக்கை எடுத்தோம்? யோசித்துப் பார்த்தேன். ஒரு அறிவிப்புப் பலகை வைத்தோம், அதிலும் பாதி எழுத்து அழிந்துவிட்டது. இருந்தாலும் புகைப்படத்துக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் செய்தியை வெட்டித் தன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். குளத்துக்கு மேலே மேட்டில் வண்டி கழுவும் கடை வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணறு, பெரிய மோட்டார், பொழுதுக்கும் பீய்ச்சியடிக்கும் தண்ணீர். வருகிறவர்களிடமெல்லாம் மீன் எங்கள் குடும்பச் சொத்து போலப் பேசுகிறாராம்.

மார்ச் 24

எழுபத்திரண்டு. எண்ணி முடித்து, கரைப் பாறையடியில் விட்ட செருப்பை எடுக்க நடந்தேன். மண் காலைச் சுட்டது. சுட்ட பிறகுதான் உறைத்தது. போன மாதம் செருப்பைக் கழற்றினால் அடுத்த அடியே தண்ணீர். இன்று பன்னிரண்டு அடி, காய்ந்த சேறு.

முழங்கால் ஆழம், முழங்கால் ஆழம் என்று வாரா வாரம் சட்டத்தை உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்களும் நடுப் பள்ளத்தில் போய் நெரிந்திருக்கின்றன. நானும் துரத்திக்கொண்டு போய் எண்ணியிருக்கிறேன். பாதி பஸ் ஓடாத நாளில், ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டு ஊரில் ஜனத்தொகை கூடிவிட்டது என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஆறு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். மண்டு. சரியான மண்டு. அதுங்க சாகக் கிடக்குது, நான் பல்லைக் காட்டிட்டு போட்டோ எடுத்திருக்கேன்.

மார்ச் 25

மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். முன்பே சொல்லக் கூடாதா என்றார், எனக்கு முன்பே தெரிந்தது போல. பிறகு ஊற்றுத் தண்ணீரை உறிஞ்சும் கிணறு மேட்டில் எத்தனை, எது அதிகம் இறைக்கிறது என்று பட்டியல் கேட்டார்.

மொத்தம் ஒன்பது. எது அதிகம் என்று எனக்குத் தெரியும். அதன் முதலாளிக்குத் தினமும் நான்தான் சோறு போடுகிறேன்.

மார்ச் 28

கூட்டம். கிணற்றுக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், முதல் வரிசையில் என் வீட்டுக்காரர். பட்டியலைப் பிரித்தேன். சத்தமாக வாசித்தேன். முதல் பெயரே அவருடைய கடை.

"அது உங்க வீட்டுக் கிணறுதானேம்மா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மழை வரும்வரை ஒன்பது மோட்டாரும் வாரத்தில் நான்கு நாள் ஓடக் கூடாது என்று முடிவானது.

மார்ச் 31

வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் ஃப்ரிட்ஜிடம் சொல்கிறார். "சில பேருக்குப் புருஷனைவிட மீன்தான் பெருசு" என்று இன்று அதனிடம் முறையிட்டார். அது உறுமியது. யார் பக்கம் என்று தெரியவில்லை.

சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய் அழுதேன். கடை படுத்தால் நானும்தானே சேர்ந்து படுப்பேன்? ஆனால் அவருக்கு வேறு தொழிலாவது கிடைக்கும். மீனுக்கு வேறு குளம் ஏது?

ஏப்ரல் 6, ஞாயிறு

என் கணக்கு பொய் என்று தானே எண்ணி நிரூபிக்கப்போவதாக ஃப்ரிட்ஜிடம் அறிவித்துவிட்டுக் காலையில் குளத்துக்குக் கிளம்பினார். பின்னாலேயே போனேன்.

நடுப் பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மீசைகள், வாயைப் பிளந்துகொண்டு. ஓரச் சேற்றில் செத்தவை. அவர் குந்தி உட்கார்ந்து செத்தவற்றை மட்டும் எண்ணினார்.

"பதினொண்ணு" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

சாயங்காலம் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார். நான்கு நாள் அல்ல, ஏழு நாளும். மழை வரும்வரை வாளியும் துணியும்தானாம்.

மே 12

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேரின் வண்டியைக் குழந்தைக்கு முகம் துடைப்பது போல மெல்லத் துடைக்கிறார். ஊரிலேயே அழுக்கு வண்டி எங்களுடையது.

ஜூன் 23

மழை மூன்று தரம் பெய்துவிட்டது. சட்டத்துக்குள் இன்று ஆறே ஆறு.

மேலதிகாரி போனில் பதறினார். நல்ல செய்திதான் சார் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மீன்கள் பழையபடி கரையோர வேர்களுக்கிடையில் பரவிவிட்டன. நடுவில் வந்து என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்க அவற்றுக்கு என்ன தலையெழுத்தா?

கரையோரத்தில் அவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அரை மணியாகக் குனிந்தபடி நின்றார். வேர்களுக்குள் நகத்தளவுக் குஞ்சுகள், இன்னும் மீசைகூட முளைக்காதவை. நேரமாகிறது, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன். திரும்பாமலே கையைக் காட்டினார்.

"கொஞ்சம் பேசாம இரேன். நூத்தி நாலு வரைக்கும் வந்துட்டேன். இப்ப மறுபடியும் முதல்லேருந்து எண்ணணும்."