பெட்டிக்குள் போகாத சட்டை

பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசனையோடு உன் சட்டைதான் முதலில் கண்ணில் படுகிறது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போட்டுப்போக என்னிடம் நல்ல சட்டை இல்லையென்று நீ எடுத்துக் கொடுத்த உன் கல்யாணச் சட்டை. இத்தனை வருடத்தில் நீ அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

கல்லூரியில் ஒரே பெஞ்சு நாம். படிப்பு முடிந்ததும் நீ பாம்பனுக்குத் திரும்பி அப்பாவின் வள்ளத்தில் ஏறினாய். சிக்கல் கிராமத்தில் கதிரறுத்துக்கொண்டிருந்த நான் சென்னைக்குப் போய்த் தத்துவப் பேராசிரியன் ஆனேன். ஆதாரமில்லாமல் ஒன்றை நம்பலாமா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு கட்டுரை, கருத்தரங்கு, பதவி உயர்வு என்று வண்டி ஓடியது. நம்பக்கூடாது என்பதே என் பதில். விடுமுறைக்கு வந்து அதை உனக்கு விளக்குவேன். நீ வலையைச் சிக்கெடுத்தபடி சிரிப்பாய்.

“ஏலே, சந்தேகப்படுறதுக்கா உனக்குச் சம்பளம் தாராக? நான் கடல்ல கெடக்கையில எம்பொண்டாட்டிக்கு என்னலே ஆதாரம்? வருவேன்னுதானே சோறாக்கி வைக்கிறா.”

அதை மறுத்தும் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல பெயர் கிடைத்தது.

போன ஐப்பசியில் உன் வள்ளம் கவிழ்ந்து, அது மட்டும் மண்டபம் ஊர்க்கரையில் ஒதுங்கியது. உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்கள் துணிமணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது உங்கள் தெருவின் வழக்கம். உன் மனைவி எட்டு மாதம் சம்மதிக்கவில்லை. பங்குச் சாமியார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நீங்க படிச்சவுக. பொய் சொல்ல மாட்டீக. அவுக வருவாகளா, மாட்டாகளா?”

ஆயுசு முழுக்கத் தயாரித்த பதில் நாக்கிலேயே இருந்தது. “இனி வரமாட்டான்மா.”

அவள் அழவில்லை. அடுத்துக் கேட்டாள்: “அப்ப அவுக துணி ஒண்ணும் பெட்டிக்கு வெளிய இருக்கக்கூடாதாம். உங்ககிட்ட ஒரு சட்டை இருக்குமே?”

“அது எப்பவோ தொலஞ்சு போச்சும்மா.”

பெட்டி இறங்கியபோது நானும் ஒரு பிடி மண் போட்டேன். இப்போதெல்லாம் அவள் உனக்கென்று சோறு எடுத்து வைப்பதில்லையாம். என் வாதத்தை ஏற்று நடந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு இருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டேன். கரும்பலகையில் ‘ஆதாரம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரி வராமல் நிற்கிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

சட்டை தொலையவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

இன்று பார்த்தபோது காலர் பொத்தான் தளர்ந்து தொங்கியது. நூல் கோத்து இறுக்கித் தைத்து வைத்தேன். நீ வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே.