அக்காவின் முக்கால் மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. ஒரு வாரம் பேசவே கூடாது என்றாராம் டாக்டர். அதனால் அவளுடைய போன் என் கைக்கு வந்தது. பல் டாக்டரிடம் ஏழு வருடம் அப்பாயின்ட்மென்ட் கொடுத்தவள்தானே நான். அங்கே சொத்தைப் பல்லோடு வந்தார்கள். இங்கே பணம் கொடுத்து அக்காவோடு முக்கால் மணி நேரம் இருக்க வருகிறார்கள்.

தெரிந்துதான் இந்த வீட்டுக்கு வந்தேன். புருஷனை விட்டு வந்த எனக்குக் கதவைத் திறந்தது இவள் ஒருத்திதான். அக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து அம்மா இவளோடு பேசுவதில்லை.

மார்ச் 5

அக்காவுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். முதல் ஆள் எடுத்த எடுப்பிலேயே பேரம். அக்கா தலையை ஆட்டினாள்: வேண்டாம். அடுத்தவன், "என்னென்ன பண்ணுவீங்க?" அதற்கும் வேண்டாம். மூன்றாவது ஆள், "நாளைக்குச் சாயங்காலம் அவங்களுக்கு நேரம் இருக்குமா?" என்றார். அக்கா கட்டைவிரலை உயர்த்தினாள்.

மார்ச் 6

மூன்றாமவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கேட்காமலே பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கைகால் கழுவப் போனார். நான் சமையலறையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லையாம். நேரம் நெருங்கியதும் எழுந்து திரைச்சீலையை விலக்குகிறாள், ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டுகிறாள். அவ்வளவுதான். அவர் தானாகவே கிளம்பியதாக நினைத்துச் சிரித்த முகத்தோடு இறங்கிப் போனார். எங்கள் பல் டாக்டர் ஒருவரையும் நாற்காலியிலிருந்து இவ்வளவு அழகாக எழுப்பியதில்லை!

பிறகு விரிப்பு மாற்றி, ஜன்னலைத் திறந்து, குளித்து, டீ குடித்த பிறகே அடுத்தவர். இந்த இடைவெளி எதற்கு என்று கேட்டேன். போனில் தட்டிக் காட்டினாள்: "ஒருத்தர் இறங்கும்போதே இன்னொருத்தர் ஏற இது என்ன பஸ்ஸா?"

மார்ச் 8, சனி

இன்னிக்கு வந்தவன் நேரம் முடிஞ்சும் கிளம்பல. "குடுத்த காசுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா என்ன குறைஞ்சா போயிடும்?"னு கத்தறான். இவளுக்கோ குரலே இல்ல. நான் தோசைக்கல்லைத் தூக்கிக்கிட்டு நடையில வந்து நின்னேன்.

அக்கா அறையை விட்டு வந்தாள். வாசற்கதவை விரியத் திறந்தாள். அவன் செருப்பை எடுத்து, படிக்கட்டைப் பார்த்தபடி வெளியே வைத்தாள். கதவைப் பிடித்தபடி நின்றாள். எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். அவன் குரல் அடங்கிவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கினான்.

"உனக்குப் பயமா இல்லையாக்கா?"

"இருந்துச்சு," என்றாள் காற்றாய். "அதான் கதவுகிட்ட போனேன்."

உட்கார்ந்ததும் முதல் வேலையாக, தனக்குத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் அவன் எண்ணை அனுப்பி எச்சரித்தாள்.

மார்ச் 9

புருஷன் வீட்டுல ஒரு தடவையாவது 'போதும், கிளம்பு'ன்னு சொல்லியிருக்கேனா நான்?

மார்ச் 12

மத்தியானம் அம்மா என் போனுக்குக் கூப்பிட்டாள். போன வாரம் பேச்சுவாக்கில் அக்காவின் தொண்டையைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

"அவ எப்படியிருக்கா?"

"பரவாயில்லம்மா. லேசா குரல் வந்திருக்கு."

"அவகிட்ட குடு."

உள்ளே ஆள் இருந்தார். கதவைத் தட்டக் கை போய்விட்டது. அம்மா மனசு மாறிட்டா? இன்னொரு தடவை கேப்பாளா? — ஆனாலும் தட்டவில்லை.

"வேலையா இருக்காம்மா. அஞ்சரைக்குக் கூப்பிடறியா?"

"பெத்தவ பேசறதுக்கும் அப்பாயின்ட்மென்டா?" வைத்துவிட்டாள்.

கெடுத்துட்டேன். எல்லாத்தையும் கெடுத்துட்டேன். அக்காவிடம் சொன்னபோது என் தலையில் கை வைத்தாள்.

ஐந்தரைக்கு என் போன் அடித்தது.

"அவளுக்கு வேலை முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

போனைக் கொடுத்தேன். அக்கா கரகரத்த குரலில் "அம்மா" என்றாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சமையலறைக்குப் போய், ஆறு மணிக்கு வர வேண்டியவருக்குச் செய்தி அனுப்பினேன்: "மன்னிக்கவும். இன்று அவருக்கு நேரம் இல்லை."